கசியாத ஒன்று

சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது
பின்னாலிருந்து முதலில் ஒரு சத்தம்,
பிறகு மணம்.
கண்ணாடியைப் பார்க்காமலே தெரிந்தது.
ரொறொன்ரோவிலிருந்து வந்த குடும்பம்
மூக்கைப் பொத்திக்கொண்டு
கடல் வடிவாயிருக்கு என்றது.

தொண்ணூற்றெட்டாம் வருசத்து றோசா பஸ்.
உள்ளே நாலு கட்டில், ஒரு காஸ் அடுப்பு,
மூலையில் அலுமாரி அகலத்தில் ஒரு கக்கூஸ்.
வாடகைக்குப் பேச வருகிறவர்கள்
முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கதவை.
எஞ்சினை ஒருவரும் கேட்பதில்லை.

பழசைக் கழற்றினேன்.
கையுறை இரண்டு சோடி, மூச்சு அரைவாசி.
கிண்ணத்தின் அடியில் ஒரு தகடு
சறுக்கித் திறக்கும், சறுக்கி மூடும்.
தகட்டைச் சுற்றி றப்பர் வளையம்.
வளையத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு,
கேத்தில் அடியில் படிவதுபோல.
கோண்டாவில் கிணற்றுத் தண்ணி நாலு வருசம்
சொட்டுச் சொட்டாய்க் கட்டிய மதில்.
மதிலில் மயிரளவு நீக்கல்.
அவ்வளவுதான் குற்றம்.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் மூன்றை இறக்கிவைத்தார்.

ஒன்று பிளாஸ்ரிக்.
கீழே பெட்டி, சூட்கேஸ்போல இழுத்துக்கொண்டு போய் ஊற்றலாம்.
எங்கே ஊற்றுவது?
அது உங்கட வசதி, என்றார்.

மற்றது பீங்கான், கால்மிதி வைத்தது.
மிதித்தால் தண்ணி, விட்டால் அடைப்பு.
விலையைச் சொன்னதும்
என் கால் தானாய்ப் பின்வாங்கியது.

மூன்றாவதில் பொத்தானும் நீல வெளிச்சமும்.
நம்பலாமோ?
ஒரு வருச உத்தரவாதம், அக்கா.
வருசத்துக்குள்ள எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்தவை?
அவர் எழும்பி
விசிறியை ஒரு புள்ளி கூட்டினார்.

மூன்று பெட்டியிலும் ஒரே படம்:
கடதாசிச் சுருளுக்குச் சரி,
மற்ற எல்லாவற்றுக்கும் பிழை.
நாங்கள் தண்ணியால் கழுவுகிற சனம்.
ஆளுக்கு இரண்டு லீற்றர் கூட.
தாங்கி நிரம்பும் கணக்கை
எந்த ஊரில் இருந்து போட்டார்களோ.

குருநகரில் படகுக்கு பைபர் ஒட்டும் ரெஜினோல்ட்டிடம்
படங்களைக் காட்டினேன்.
பிசின் காய்ந்த விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
எதுவும் உடையும், என்றான்.
உடைஞ்சா அந்த வளையம் தனியாக் கிடைக்குமோ?
அதைக் கேள்.

கேட்டேன்.
பிளாஸ்ரிக்குக் கிடையாது.
நீல வெளிச்சத்துக்கு முழுசையும் மாற்றவேண்டும்.
பீங்கானுக்கு என்றதும்
ஏணி வைத்து ஏறி, தும்மி,
ஏழு வளையம் கோத்த ஒரு கம்பியோடு இறங்கினார்.

ஒரு கக்கூசுக்கு இவ்வளவு காசோ,
தம்பி கஜரூபன் கேட்டான்.

ஓமந்தை. இரண்டாயிரத்து மூன்று.
வரிசை நகரவில்லை.
எனக்குப் பதினாலு வயது.
றோட்டோரம் வடிவான பற்றை, ஆள் மறையும் உயரம்.
பற்றைக்கு முன்னால் சிவப்புப் பலகை,
பலகையில் மண்டையோடு.
உள்ளே கண்ணிவெடி.
வெளியே நாலு மணித்தியாலம்
காலை மாற்றி மாற்றி நின்றேன்.
பிறகு காலை மாற்றவும் பயமாயிருந்தது.

அதை அவனுக்குச் சொல்லவில்லை.
தேவை, என்றேன்.
ஏழு வளையத்துக்கும் சேர்த்துக் காசைக் கட்டினேன்.

பூட்டி முடிய இருட்டிவிட்டது.
கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணி விட்டு
தண்ணி நிற்கிற இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு கீறினேன்.
இரவு இரண்டு தரம் எழும்பி
ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல என்று
இவர் சிரித்தார்.
காய்ச்சல் இறங்கவேண்டும்.
இது இறங்கக்கூடாது.

விடிய
கோட்டிலேயே நின்றது தண்ணி.
நடுவில் ஒரு நுளம்பு, செத்து, அசையாமல்.

சனிக்கிழமை மன்னாருக்கு ஒன்பது பேர்.
ஆறு பேர் பெண்கள்.
சுண்ணாம்புக்கு வினாகிரி
இரண்டு போத்தல் வாங்கவேண்டும்.